டாக்டரிடம் போனில் பேசினால் போதுமா, நேரில் போகணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம், ஊரடங்கு முடிந்த பிறகும் நிற்கவில்லை. சுகர் மாத்திரைக்கு மாதாமாதம் வருகிறவர்களில் பலர் இப்போது போனிலேயே முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். வேறு சிலருக்கோ சளி இருமலுக்குக்கூட டாக்டர் முகத்தைப் பார்த்தால்தான் நிம்மதி. கிளினிக்கில் உட்கார்ந்து கேட்பவை, போனில் கேட்பவை, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கேட்பவை என எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் குடும்ப மருத்துவர். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எது நல்லது?

புது நோய்க்கு நேரில், தெரிந்த நோய்க்குப் போனில். இதற்கு விதிவிலக்குகள் நிறைய உண்டு. கீழே இருப்பவை பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான்.

நோயாளிகளுக்கு உண்மையில் எது பிடித்திருக்கிறது?

இதைப் பார்க்க இங்கிலாந்து நல்ல இடம். அங்கே குடும்ப மருத்துவரை எத்தனை பேர் நேரில் பார்த்தார்கள், எத்தனை பேர் போனில் பேசினார்கள் என்று மாதாமாதம் கணக்கு வெளியிடுகிறார்கள். 2020 பிப்ரவரியில் சுமார் 80 சதவீதச் சந்திப்புகள் நேரில் நடந்தன. ஏப்ரலில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. நோய்த்தொற்று பயத்தில் முதலில் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். 2021-ல் பொறுமை போனது. டாக்டர் முகத்தையே பார்க்க விடுவதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மே மாதமே, நோயாளி நேரில் வர விரும்பினால் அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று தேசிய சுகாதார சேவை மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. இப்போது நேரில் பார்ப்பவர்களே மறுபடி பெரும்பான்மை. ஆனாலும் போனில் பேசுகிறவர்கள் 2020-க்கு முன்பிருந்ததைவிட நிறையவே அதிகம்.

போன் என்றாலே பிடிக்காது என்று இதற்கு அர்த்தம் எடுக்க முடியாது. ரத்தப் பரிசோதனை முடிவைப் போனில் சொன்னதற்காக யாரும் சண்டைக்குப் போகவில்லை. தங்களைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள் என்பதுதான் குறை. நம் ஊரிலும் அதேதான். “போன்லயே பேசிக்கலாமா டாக்டர்?” என்று நோயாளி கேட்டால் அது வசதி. “போன்ல சொல்லுங்க, போதும்” என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம். பேச்சு என்னவோ ஒன்றுதான்.

போனில் பேசினால் நேரம் மிச்சமாகுமே?

ஆகும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. அன்றன்றைக்கு அவசரமாக டாக்டரைக் கேட்டு வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் போனிலும் மறு பாதியிடம் நேரிலும் பேசிப் பார்த்த ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. போனில் சராசரியாக 6.7 நிமிடம், நேரில் 8.2 நிமிடம். திருப்தி இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் போனில் பேசியவர்கள் அடுத்த இரண்டு வாரத்தில் டாக்டரை மறுபடி அதிகமாக நாடினார்கள். இங்கிலாந்தில் 42 மருத்துவ நிலையங்களில் நடந்து 2014-ல் வெளியான பெரிய ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. அதில், அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும் என்று கேட்டவர்களிடம் முதலில் டாக்டரோ நர்ஸோ போனில் பேசித் தரம் பிரித்தார்கள். டாக்டர் பேசிய இடங்களில் அடுத்த 28 நாளில் மொத்தத் தொடர்புகள் 33 சதவீதமும், நர்ஸ் பேசிய இடங்களில் 48 சதவீதமும் கூடின.

காரணம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. நேரில் வந்தவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் “டாக்டர், இன்னொண்ணு...” என்று ஆரம்பிப்பார். பல நாள் அந்த ‘இன்னொண்ணு’தான் அவர் வந்ததற்கே காரணமாக இருக்கும்: மலத்தில் ரத்தம், மார்பில் கட்டி, மகனின் குடி. போனில் “சரி, வச்சிடறேன்” என்றவுடன் லைன் போய்விடும். சொல்லாமல் விட்டது மறு வாரம் வேறு அழைப்பாக வரும், அல்லது வராமலே போகும்.

“தொட்டுக்கூடப் பார்க்கல” என்று ஏன் இவ்வளவு கோபம்? தொட்டால்தான் நோய் தெரியுமா?

இந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கும் சக மருத்துவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கால் வீங்கியிருக்கிறது என்று போனில் சொல்கிறார் ஒருவர். வீக்கம் என்பது பத்து விதம். நேரில் வந்தால், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுப்பேன். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. இதயமா, சிறுநீரகமா, கல்லீரலா, இல்லை பிரஷருக்குக் கொடுத்த அம்லோடிபின் மாத்திரையா என்று அடுத்துப் பார்க்கணும். ஒரு காலில் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகவும் அமுக்கினால் வலியாகவும் இருந்தால், ரத்தக்கட்டியைச் சந்தேகித்து அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பணும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தசோகை பெரும்பாலும் தெரிந்துவிடும். நோயாளி வாசலிலிருந்து நாற்காலி வரை நடந்து வருவதற்குள் மூச்சு வாங்குவதும், முகம் இறுகியிருப்பதும், சட்டை தொளதொளவென்று ஆகியிருப்பதும் தெரியும். இதில் எதுவும் போனில் வராது. குழி விழுகிறதா என்று வீட்டிலேயே அழுத்திப் பார்க்கச் சொல்லலாம், நானே சொல்வதுண்டு. ஆனால் பார்க்கிற கண் வேறு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாடி பிடித்து, ஸ்டெதஸ்கோப் வைத்து, ‘ஒண்ணுமில்ல, போங்க’ என்று சொல்லும்போது பாதி வலி குறைந்துவிடுகிறது. கைராசி என்று நம் ஜனங்கள் சொல்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே சமயம் ஊசி போடாமல் அனுப்பிவிட்டார் என்ற கோபமும் இதே வரிசையில் வரும். அதில் மட்டும் நான் நோயாளி கட்சி இல்லை.

போனை நெஞ்சில் வைத்தால் டாக்டருக்கு இதயத் துடிப்பு கேட்குமா?

சிரிக்காதீர்கள், நிஜமாகவே செய்கிறார்கள். கேட்காது. சாதாரணத் தொலைபேசி இணைப்பு, மனிதப் பேச்சுக்குத் தேவையான சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டும் கடத்தும்படி அமைந்தது. இதய ஒலிகளில் பெரும்பகுதி அதற்கும் கீழே இருக்கிறது. இன்றைய 4ஜி அழைப்பில் ஒலி அகலம் கூடியிருக்கிறது, ஆனால் பேச்சு தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று நினைத்துப் போனே அமுக்கிவிடும்.

இருமல் கேட்கும். தொலைபேசி வந்த புதிதிலேயே, 1879-ல், லான்செட் மருத்துவ இதழில் இப்படி ஒரு செய்தி வந்தது: நள்ளிரவில் பயந்துபோன தாயிடம், குழந்தையைத் தூக்கிப் போன் அருகில் இருமவிடச் சொல்லிக் கேட்டு, இது குரல்வளை அடைப்பு இருமல் இல்லை, தூங்கப் போங்கள் என்றாராம் டாக்டர். நாய் குரைப்பது போன்ற அந்த இருமலை இன்றும் போனில் அடையாளம் காண முடியும்.

மூச்சு வேகத்தையும் போனிலேயே அளக்கலாம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சோ வயிறோ எழும்புவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. எண்ணிக்கை இதைத் தொட்டாலோ தாண்டினாலோ போனை வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

போனில் மருந்து எழுதிக் கொடுப்பது சட்டப்படி சரியா?

இப்போது சரி, வரம்புகளோடு. முன்பு இதில் தெளிவே இல்லை. 2018-ல் பம்பாய் உயர்நீதிமன்றம், பிரசவமான பெண்ணை நேரில் பார்க்காமல் போனிலேயே மருந்து சொன்ன வழக்கில் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதைப் படித்துவிட்டு நாடு முழுவதும் பல டாக்டர்கள் “போன்ல எதையும் கேக்காதீங்க” என்று நோயாளிகளிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கின் முதல் நாளில், மத்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. இன்றைக்கு நாங்கள் கைக்கொள்வது அதைத்தான்.

நோயாளிக்குத் தெரிய வேண்டியது இவ்வளவு. அதே டாக்டரிடம், அதே நோய்க்காக, கடந்த 6 மாதத்துக்குள் நேரில் போயிருந்தால் உங்கள் அழைப்பு ‘தொடர் சிகிச்சை’. பழைய மாத்திரையைத் தொடரலாம், தேவைப்பட்டால் அதே நோய்க்கு இன்னொன்றைச் சேர்க்கலாம். 6 மாதம் தாண்டினாலோ, நோய் வேறு என்றாலோ, டாக்டர் புதிது என்றாலோ அது ‘முதல் ஆலோசனை’. அப்போது குரல் அழைப்பில் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். கரைசல் போன்ற எளிய மருந்துகள்தான் எழுதலாம். அதற்கு மேல் என்றால் வீடியோவில் முகம் பார்க்க வேண்டும். மார்பின் போன்ற போதைத் தன்மை உள்ள மருந்துகளை எந்த வழியிலும் தூரத்திலிருந்து எழுதக் கூடாது.

பெயர், வயது தெரியாமல் ஆலோசனை சொல்லக் கூடாது என்பதும் விதி. சிறுவர்களாக இருந்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கணும். “சும்மா ஒரு மாத்திரை பேர் மட்டும் சொல்லுங்க டாக்டர்” என்பது இந்த எதிலும் அடங்காது.

போனில் பேசினதுக்கு எதுக்கு பீஸ்?

நேரில் வாங்குவதையே வாங்கலாம் என்று நெறிமுறை சொல்கிறது. ஜனங்கள் மனம் அதை இன்னும் ஏற்கவில்லை, நேரில் வந்தால் டோக்கன் போட்டுப் பணம் கட்டுகிறவரே போனில் கேட்டால் அதை விசாரிப்பு என்று நினைக்கிறார். என் கருத்து இது: ஒரு சந்தேகத்துக்கு ஒரு பதில் என்றால் காசு வேண்டாம், சீட்டு எழுதுகிற அளவுக்குப் போனால் வேண்டும். சீட்டில் கையெழுத்துப் போட்டவுடன் பொறுப்பு என் தலையில் அல்லவா?

நோயாளி பக்கக் கணக்கையும் சொல்லணும். கிராமத்திலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு டாக்டர் பீஸ் சின்னச் செலவு. அன்றைய கூலி போகும், துணைக்கு வருபவர் கூலியும் போகும், பஸ், மதியச் சாப்பாடு வேறு. அவர் போனில் முடிக்கப் பார்ப்பதில் சோம்பல் எதுவும் கிடையாது.

அம்மா ஊரில் இருக்கிறார், நான் சென்னையில். அவருக்காக நான் டாக்டரிடம் பேசலாமா?

அம்மா பக்கத்தில் இருந்து, அவரும் லைனில் சேர்ந்தால் தாராளமாக. அவர் இல்லாமல் பேசுவதற்கு நிபந்தனை உண்டு. மறதி நோய் போன்ற காரணத்தால் அவரால் பேச இயலாமல் இருக்க வேண்டும், அல்லது இவர் என் சார்பில் பேசலாம் என்று முன்பே நேரில் வந்தபோது அவர் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கூடவே போய் அதை ஒரு தடவை சொல்ல வைத்துவிடுங்கள்.

நடைமுறையில் நான் பார்ப்பது: மகன் போனில், “அம்மா நல்லாத்தான் சாப்பிடறாங்க, பிரஷர் மாத்திரை போடறாங்க” என்பார். அம்மா நேரில் வந்தால், மாத்திரை தீர்ந்து பத்து நாளாகிறது, பிள்ளையிடம் காசு கேட்கச் சங்கடம் என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. அவர் மகனிடம் சொன்னதை மகன் என்னிடம் சொல்கிறார், அவ்வளவுதான்.

வயதானவர்கள் போனை வெறுக்கிறார்கள், இளைஞர்கள் விரும்புகிறார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. காது மந்தமானவர்களுக்குப் போன் கஷ்டம். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சு அவர்களுக்குப் புரிகிறது. ‘சரி சரி’ என்பார்கள், எதற்குச் சரி என்று தெரியாது. ஆனால் முழங்கால் வலியோடு ஆட்டோ ஏற முடியாத பாட்டி, பல வருடமாகப் பழகிய டாக்டரிடம் போனில் பேசுவதற்குச் சந்தோஷப்படுகிறார். முகம் தெரியாத டாக்டர் என்றால் இருபத்தைந்து வயதுக்காரரும் தயங்குகிறார். வயதைவிட முன்பழக்கம்தான் இதைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம்.

அரசின் இ-சஞ்சீவனியில் யாரென்றே தெரியாத டாக்டர் வருகிறாரே, நம்பலாமா?

நம்பலாம், எதற்கு என்று தெரிந்து. 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தபடியே வீடியோவில் பார்க்கும் வசதியாக வந்த இது இலவசம், சீட்டும் தருகிறார்கள். தொடங்கிய ஆண்டில் இதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. தோல் அரிப்பு, வயிற்றுப்போக்கு, எந்தத் துறை டாக்டரிடம் போவது என்ற குழப்பம் போன்றவற்றுக்கு நல்லது. மறுமுறை அதே டாக்டர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம், அதனால் பழைய சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களின் முறை. நோயாளி பக்கத்து ஊரிலுள்ள மையத்துக்கு நேரில் போகிறார். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கருவியில் கண்ணைச் சோதித்து விவரங்களை அனுப்புகிறார். தூரத்தில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நோயாளியிடம் வீடியோவில் பேசுகிறார். தொட்டுப் பார்ப்பதும் நடக்கிறது, பஸ் ஏறுவதும் மிச்சம். பொது மருத்துவத்திலும் இப்படித்தான் போகணும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லேப் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

முன்பே என்னிடம் வந்தவர் என்றால் போதும். புதியவர் ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பி ‘பாத்து சொல்லுங்க’ என்றால், அந்த எண்களை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

டெங்குவில் இது ஆபத்தாகவே முடியும். காய்ச்சல் விட்டுவிட்டது, பிளேட்லெட் எண்ணிக்கையும் பரவாயில்லை, அதனால் நேரில் வரவில்லை என்பார்கள். டெங்குவில் மோசமான கட்டம், காய்ச்சல் தணிகிற அந்த ஓரிரு நாளில்தான் வருகிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுத்தே கிடப்பது, கை கால் சில்லிடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், எண்ணிக்கை என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிதான்.

பெண்களுக்குப் போன் வசதியா, இடைஞ்சலா?

இரண்டும். வெள்ளைப்படுதல், சிறுநீர் எரிச்சல் போன்றவற்றை வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்கள் காதில் விழாமல் சொல்ல முடிகிறது என்பது பெரிய விடுதலை. ஆனால் பல வீடுகளில் போன் கணவருடையது. ஸ்பீக்கரில் போட்டு, கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். அப்போது நான் “ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்கம்மா” என்று கேள்வியை மாற்றிக் கேட்பேன். வீட்டில் அடி விழுகிறதா என்பதை அப்படிக்கூடக் கேட்க முடியாது. அதற்காகவே சிலரை நேரில் வரச் சொல்வேன், காரணம் சொல்லாமல்.

மனநலப் பிரச்சினைக்குப் போன் போதுமா?

தொடங்குவதற்குப் போன் பல நேரம் நேரில் போவதைவிட நல்லது. மனநல மருத்துவர் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமே பலரைத் தடுக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தாமதிக்காமல் கூப்பிடுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள்.

எதற்கெல்லாம் போனில் பேசிக்கொண்டே இருக்கக் கூடாது?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, வலிப்பு, மயக்கம், பாம்புக்கடி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு அல்லது குழந்தை அசைவு குறைவது, 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல். 108-ஐக் கூப்பிடுங்கள். எனக்கு அப்புறம் சொல்லலாம். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எனக்காகக் காத்திருந்தால் அந்த நேரத்தில் ஒரு பகுதி போனிலேயே போய்விடும்.

போனில் பேசுவதற்கு முன் என்ன எடுத்து வைத்துக்கொள்ளணும்?

மாத்திரை அட்டை. “காலைல ஒரு சின்ன வெள்ளை, ராத்திரி ஒரு மஞ்சள்” என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதால் பெயரும் காலாவதி தேதியும் போய்விடுகிறது. பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது கடையிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் பார்ப்பதென்றால் 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, பேசாமல் பாருங்கள். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்கணும். சுகர் பார்க்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மாம்பழத்தின் சுகரும் சேர்ந்து காட்டும். தடிப்பு, புண் என்றால் டியூப் லைட்டில் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் தள்ளி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று என இரண்டு போட்டோ போதும். பதினேழு அனுப்ப வேண்டாம்.

நேரில் வாங்க என்று டாக்டர் சொன்னால், பீஸுக்காகத்தான் கூப்பிடுகிறாரா?

அப்படியும் சில பேர் இருக்கலாம். போனிலேயே பீஸ் வாங்க முடியும் என்னும்போது அதற்காக நேரில் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. எந்த நேரத்திலும் ஆலோசனையை நிறுத்தி நேரில் வரச் சொல்லும் உரிமை டாக்டருக்கு உண்டு. போன் வேண்டாம், நேரில்தான் வருவேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. வரச் சொன்னால் “எதைப் பார்க்கணும் டாக்டர்?” என்று கேளுங்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்கணும், காதுக்குள் பார்க்கணும் என்று குறிப்பாகப் பதில் வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறொரு டாக்டரிடம், அதுவும் நேரில், காட்டுங்கள்.